இளம்பருவ ஈறு நோயில் வெள்ளையணுக்களின் பங்கு

இளம்பருவ ஈறு நோயில் வெள்ளையணுக்களின் பங்கு என்பது, சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் பல்லைத் தாங்கும் திசுக்கள் அழிவதில் குருதியின் வெள்ளையணுக்கள் ஆற்றும் இருவகைச் செயலைக் குறிக்கும். ஈறுகளை நுண்ணுயிரிகளிடமிருந்து காக்கும் முதன்மையான உயிரணுக்கள் வெள்ளையணுக்களே. இவை எண்ணிக்கையில் குறைந்தாலோ, செயல் திறனை இழந்தாலோ ஈறு நோய் மிக இளம் வயதிலேயே கடுமையாகத் தோன்றுகிறது. அதேபோல் இவை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டாலும், இவை வெளிவிடும் நொதிகளால் பல்லைத் தாங்கும் நார்களும் எலும்பும் அழிகின்றன. எனவே இளம் வயதில் பற்கள் ஆடுவதற்குப் பல் துலக்காமையை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது. சில வேளைகளில் அது குருதி நோய் ஒன்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

ஈறும் பல்லைத் தாங்கும் திசுக்களும்

பல்லைச் சூழ்ந்து தாங்கும் அமைப்பில் நான்கு பகுதிகள் உள்ளன. அவை ஈறு, பல்வேரை மூடியிருக்கும் பற்சிமெந்து, பல்வேரை எலும்புடன் கட்டும் பல்லிணைப்பு நார்கள், வேர் பதிந்துள்ள பற்குழி எலும்பு என்பன. ஈற்றின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே ஆழம் குறைந்த ஒரு பள்ளம் உண்டு. நலமான ஈற்றில் இதன் ஆழம் பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

பல்லின் மேல் நுண்ணுயிரிகள் ஒட்டி வளர்ந்து உருவாக்கும் மெல்லிய படிவு பற்படலம் எனப்படும். இது அகற்றப்படாவிட்டால் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது குருதி கசியும். இந்நிலை ஈறு அழற்சி எனப்படுகிறது. 1965ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. இவ்வாறு ஈறு அழற்சி முழுமையாகக் குணமாகக் கூடியதாகும்.

அழற்சி ஆழத்திற்குப் பரவி நார்களையும் எலும்பையும் அழிக்கத் தொடங்கினால் அது பற்சூழ்திசு அழற்சி எனப்படும். அப்போது ஈற்றுப் பள்ளம் ஆழமாகி ஈற்றுப் பையாக மாறுகிறது. இவ்வாறு இழந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்புவதில்லை. ஈறு அழற்சி உள்ள அனைவருக்கும் இந்நிலை ஏற்படுவதில்லை. யாருக்கு ஏற்படுகிறது, யாருக்கு ஏற்படுவதில்லை என்பதில் வெள்ளையணுக்களுக்குப் பெரும் பங்குண்டு.

வெள்ளையணுக்களின் வகைகள்

ஈற்றில் காணப்படும் வெள்ளையணுக்களுள் முக்கியமானவை பின்வருமாறு:

* நியூட்ரோஃபில்கள் - குருதியிலுள்ள வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இவையே. உட்கரு 2 முதல் 5 வரையான மடல்களாகப் பிரிந்திருக்கும். தொற்று நிகழும் இடத்தை முதலில் அடைபவை இவை.
* மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜுகளும் - குருதியில் மோனோசைட்டுகளாக இருப்பவை திசுவுக்குள் சென்றபின் மேக்ரோஃபேஜுகளாக மாறுகின்றன. நுண்ணுயிரிகளையும், இறந்த நியூட்ரோஃபில்களையும் விழுங்கி அகற்றுகின்றன.
* டி நிணநீர் அணுக்கள் - பிற உயிரணுக்களைத் தூண்டும் அல்லது அடக்கும் சைட்டோக்கைன் எனும் புரதங்களைச் சுரக்கின்றன.
* பி நிணநீர் அணுக்களும் பிளாஸ்மா அணுக்களும் - நுண்ணுயிரிகளுக்கு எதிரான எதிர்ப்பான்களை உருவாக்குகின்றன. முதிர்ந்த பற்சூழ்திசு அழற்சியில் இவை மிகுதியாகக் காணப்படும்.

இளம் வயதினரின் ஈறு நோயில் மிக விரிவாக ஆராயப்பட்டவை நியூட்ரோஃபில்களே.

நியூட்ரோஃபில்கள் செயல்படும் முறை

நியூட்ரோஃபில்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன. நலமான ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்கள் உண்டாகின்றன. அவை குருதியில் சில மணி நேரமே சுற்றி வந்து பின்னர் திசுக்களுக்குள் செல்கின்றன. ஈறு நலமாக இருக்கும்போதும் அவை ஈற்றுப் பள்ளத்தின் வழியாக இடைவிடாது வாய்க்குள் வந்துகொண்டே இருக்கின்றன. நிமிடத்திற்கு ஏறத்தாழ 30,000 அணுக்கள் இவ்வாறு வருவதாக 1970ஆம் ஆண்டளவில் கணக்கிடப்பட்டது. நுண்ணுயிரிகள் எப்போதும் நிறைந்திருக்கும் வாயில், பல்லும் ஈறும் சேரும் இடம் திறந்த வாயிலைப் போன்றது. அதை இரவும் பகலும் காத்து நிற்பவை இந்த அணுக்களே.

குருதிக் குழாயிலிருந்து ஈற்றுப் பள்ளத்தை அடைய நியூட்ரோஃபில் பல படிகளைக் கடக்கிறது.

1. ஒட்டுதல்: நுண்ணிய குருதிக் குழாய்களின் உட்சுவரில் நியூட்ரோஃபில் உருண்டு சென்று, பின்னர் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. இதற்கு இன்டக்ரின் எனும் ஒட்டும் புரதங்கள் தேவை.
2. வெளியேறுதல்: குழாய்ச் சுவரின் உயிரணுக்களுக்கு இடையே நுழைந்து திசுவை அடைகிறது.
3. வேதி ஈர்ப்பு நகர்வு: நுண்ணுயிரிகளும் ஈற்று உயிரணுக்களும் வெளிவிடும் வேதிப்பொருள்களை நோக்கி நகர்கிறது. இன்டர்லியூக்கின்-8 இவற்றுள் முக்கியமானது.
4. விழுங்குதல்: நுண்ணுயிரியைச் சூழ்ந்து தன்னுள் இழுத்துக்கொள்கிறது.
5. அழித்தல்: தன்னுள் சேமித்துள்ள துகள்களின் நொதிகளாலும், வினைத்திறன் மிக்க ஆக்சிசன் சேர்மங்களாலும் அதை அழிக்கிறது.

இவை தவிர, நியூட்ரோஃபில்கள் தமது டி.என்.ஏ.வை வலை போல் வெளியே வீசி நுண்ணுயிரிகளைச் சிக்க வைக்கின்றன என்பது 2004ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. மேற்கூறிய படிகளில் எந்த ஒன்று தடைப்பட்டாலும் ஈறு பாதுகாப்பை இழக்கிறது.

இளம்பருவப் பற்சூழ்திசு அழற்சி

பற்சூழ்திசு அழற்சி பொதுவாக நடுத்தர வயதினரையும் முதியோரையும் தாக்கும் நோயாகும். ஆயினும் பூப்புப் பருவத்தை ஒட்டித் தொடங்கி விரைவாக எலும்பை அழிக்கும் அரிய வகை ஒன்றும் உள்ளது. பிற வகையில் நலமாக இருக்கும் இளைஞர்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. முதல் கடைவாய்ப்பற்களையும் வெட்டுப்பற்களையும் சுற்றியே எலும்பு அழிவது இதன் சிறப்பு அடையாளம். எக்ஸ் கதிர்ப் படத்தில், முதல் கடைவாய்ப்பல்லைச் சுற்றி எலும்பு வில் போல் வளைந்து குறைந்திருப்பதைக் காணலாம். பற்படலமும் காரையும் குறைவாகவே இருந்தும் எலும்பு இழப்பு மிகுதியாக இருப்பது இந்நோயின் புதிரான பண்பாகும். வலி இல்லாமையால், பல் ஆடத் தொடங்கும் வரை பலர் இதனை அறிவதில்லை. உடன்பிறந்தோரிடம் சேர்ந்து காணப்படுவதால் மரபுக் காரணிகளும் இதில் பங்கேற்கின்றன.

1986-87ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் 14 முதல் 17 வயது வரையான மாணவர்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் ஏறத்தாழ 0.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் சில பற்களில் மட்டும் காணப்பட்டது. ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களிடம் இது வெள்ளையின மாணவர்களைக் காட்டிலும் பல மடங்கு மிகுதியாக இருந்தது.

பெயர் மாற்றங்கள்

இந்நோயின் பெயர் பலமுறை மாறியுள்ளது. 1923ஆம் ஆண்டு வியன்னாவைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு காட்லீப் இதனை அழற்சியல்லாத எலும்புத் தேய்வாகக் கருதி விவரித்தார். 1942இல் ஓர்பன், வைன்மன் ஆகியோர் பெரியோடான்டோசிஸ் எனப் பெயரிட்டனர். பின்னர் இது அழற்சி நோயே என்பது தெளிவானதால் இளம்பருவப் பற்சூழ்திசு அழற்சி எனும் பெயர் வழக்கிற்கு வந்தது. 1999இல் வயதின் அடிப்படையிலான இப்பெயர் கைவிடப்பட்டு, தீவிரப் பற்சூழ்திசு அழற்சி எனும் பெயர் ஏற்கப்பட்டது. 2017இல் நடைபெற்ற உலகப் பயிலரங்கின் முடிவுகள் 2018இல் வெளியாயின. அதன்படி தனி நோயாகக் கொள்ளாமல், பற்சூழ்திசு அழற்சி எனும் ஒரே தலைப்பின் கீழ் நான்கு நிலைகளாகவும் மூன்று தரங்களாகவும் வகைப்படுத்தும் முறை பின்பற்றப்படுகிறது. கடைவாய்ப்பல்-வெட்டுப்பல் அமைப்பு என்பது அதில் ஒரு துணைக்குறிப்பாக இடம்பெறுகிறது.

வெள்ளையணுக்களைக் கொல்லும் நுண்ணுயிரி

இந்நோயுடன் மிக நெருங்கிய தொடர்புடையது அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசெடெம்கோமிட்டான்ஸ் எனும் பாக்டீரியாவாகும். 1912இல் முதலில் விவரிக்கப்பட்ட இது, 2006 வரை வேறு பேரினங்களில் வைக்கப்பட்டிருந்தது. இது லியூக்கோடாக்சின் எனும் நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. அப்பெயர் வெள்ளையணு நச்சு எனப் பொருள்படும். வெள்ளையணுக்களின் மேற்பரப்பிலுள்ள எல்.எஃப்.ஏ.-1 எனும் இன்டக்ரினுடன் இந்நச்சு இணைந்து, உயிரணுப் படலத்தைச் சிதைத்து அவ்வணுக்களைக் கொல்கிறது. தன்னை விழுங்க வரும் காவலரையே வீழ்த்தும் ஆற்றல் இதனால் அந்நுண்ணுயிரிக்குக் கிட்டுகிறது.

இப்பாக்டீரியாவின் எல்லா வகைகளும் ஒரே அளவில் நச்சைச் சுரப்பதில்லை. ஜே.பி.2 எனப்படும் வகையில், நச்சு மரபணுவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் 530 கார இணைகள் நீங்கியுள்ளன. அதனால் இவ்வகை மிகுதியான நச்சைச் சுரக்கிறது. மொரோக்கோ நாட்டின் ரபாத் நகரில் பதின்பருவத்தினரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2008இல் வெளியானது. இப்பாக்டீரியா இல்லாதவர்களோடு ஒப்பிட, ஜே.பி.2 வகையை மட்டும் கொண்டிருந்தவர்களுக்குப் பற்சூழ்திசு இழப்பு ஏற்படும் வாய்ப்பு 18 மடங்காக இருந்தது. பிற வகைகளை மட்டும் கொண்டிருந்தவர்களுக்கு அது 3 மடங்காக இருந்தது. வெள்ளையணுக்களை அழிக்கும் ஆற்றலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இம்முடிவு வலுவாகக் காட்டுகிறது.

குறைந்த செயலா, மிகுந்த செயலா?

1977ஆம் ஆண்டு முதல் வெளியான ஆய்வுகளில், இளம்பருவப் பற்சூழ்திசு அழற்சி உடையவர்களின் நியூட்ரோஃபில்கள் வேதி ஈர்ப்பை நோக்கி மெதுவாகவே நகர்வது கண்டறியப்பட்டது. இதனால், பிறவியிலேயே குறைபாடுள்ள நியூட்ரோஃபில்களே இந்நோய்க்குக் காரணம் எனும் கருத்து பல ஆண்டுகள் நிலவியது.

பின்னர் இக்கருத்து மாற்றம் கண்டது. நலமானவர்களின் நியூட்ரோஃபில்களை நோயாளிகளின் குருதி நீரில் வைத்தபோது அவற்றின் நகர்வும் குறைந்தது. ஆகவே குறைபாடு எப்போதும் அணுவில் மட்டும் இல்லை. குருதியிலுள்ள சைட்டோக்கைன்கள் அவ்வணுக்களை முன்கூட்டியே தூண்டிவிடுவதும் ஒரு காரணம் எனக் கருதப்பட்டது. இவ்வாறு தூண்டப்பட்ட அணுக்கள் நகர்வதில் மந்தமாக இருந்தாலும், நொதிகளையும் ஆக்சிசன் சேர்மங்களையும் மிகுதியாக வெளிவிடுகின்றன.

நியூட்ரோஃபில்களின் ஆயுதங்கள் நுண்ணுயிரியையும் உடலின் திசுவையும் பிரித்தறிவதில்லை. அவை வெளிவிடும் கொலாஜினேசு, எலாஸ்டேசு ஆகிய நொதிகள் ஈற்றின் நார்களைச் சிதைக்கின்றன. எலும்பை நேரடியாக அழிப்பவை எலும்புண் அணுக்கள் எனப்படும் வேறு உயிரணுக்களாகும். டி, பி நிணநீர் அணுக்கள் உள்ளிட்டவை உருவாக்கும் ரேங்க்-எல் எனும் புரதம் இவற்றைத் தூண்டுகிறது. இவ்வாறு நோய்க்கு எதிரான போரின் சேதமே நோயின் பெரும்பகுதியாக அமைகிறது.

பிறவி வெள்ளையணுக் குறைபாடுகள்

மரபணுப் பிறழ்வால் ஏற்படும் சில அரிய நோய்கள், ஈற்றைக் காப்பதில் வெள்ளையணுக்களின் பங்கைத் தெளிவாக விளக்குகின்றன. இவற்றில் பாற்பற்களே ஆடி விழும் அளவுக்கு நோய் கடுமையாக இருக்கலாம்.

* வெள்ளையணு ஒட்டுதல் குறைபாடு, முதல் வகை: இன்டக்ரினின் ஒரு பகுதியான சி.டி.18 புரதம் குறைவதால் நியூட்ரோஃபில்கள் குருதிக் குழாயை விட்டு வெளியேற இயலாது. குருதியில் அவற்றின் எண்ணிக்கை மிகுந்திருந்தும் திசுக்களில் அவை இரா. தொப்புள் கொடி விழத் தாமதமாவது இதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று.
* பாப்பியோன்-லெஃபேவர் நோய்க்கூட்டு: 1924இல் பிரெஞ்சு மருத்துவர் இருவரால் விவரிக்கப்பட்டது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து, பாற்பற்களும் பின்னர் நிலைப்பற்களும் இளம் வயதிலேயே விழுகின்றன. கதெப்சின்-சி நொதியின் மரபணுப் பிறழ்வே காரணம் என்பது 1999இல் அறியப்பட்டது. நியூட்ரோஃபில்களின் துகள்களிலுள்ள நொதிகளைச் செயற்படச் செய்வது இந்நொதியாகும்.
* சுழற்சி நியூட்ரோஃபில் குறைவு: ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்து, காய்ச்சலும் வாய்ப்புண்களும் ஈறு அழற்சியும் தோன்றும்.
* கடும் பிறவி நியூட்ரோஃபில் குறைவு: எண்ணிக்கை எப்போதும் மிகக் குறைவாகவே இருக்கும். மச்சையைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப். எனும் மருந்தால் எண்ணிக்கை உயர்ந்தாலும், சிலருக்கு ஈறு நோய் தொடர்கிறது.
* செடியாக்-ஹிகாஷி நோய்க்கூட்டு: வெள்ளையணுக்களில் இயல்புக்கு மாறான பெரிய துகள்கள் காணப்படும். தோலும் முடியும் நிறம் குறைந்திருக்கும்.

ஒட்டுதல் குறைபாட்டில் ஈறு அழிவதற்குக் காவலற்ற நுண்ணுயிரிகளே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 2014இல் வெளியான ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. இயல்பான நிலையில், திசுவுக்குள் வந்து இறக்கும் நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜுகள் விழுங்குகின்றன. அதன் விளைவாக இன்டர்லியூக்கின்-23, இன்டர்லியூக்கின்-17 ஆகிய அழற்சிப் புரதங்கள் அடங்குகின்றன. நியூட்ரோஃபில்கள் திசுவை அடையாதபோது இந்த அடக்கம் இல்லாமற்போய், கட்டுக்கடங்காத அழற்சி எலும்பை அழிக்கிறது. 2017இல் இக்குறைபாடுடைய ஒரு நோயாளிக்கு, இன்டர்லியூக்கின்-23ஐத் தடுக்கும் உஸ்டெக்கினுமாப் எனும் மருந்து கொடுக்கப்பட்டதில் ஈற்று அழற்சி தணிந்தது. நியூட்ரோஃபில்கள் போரிடுவதோடு நில்லாமல், அழற்சியை முடித்து வைப்பதிலும் பங்கேற்கின்றன என்பது இதனால் புலனாகிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்ட ஆய்வு

ஒரே அளவு பற்படலம் இருந்தும் அனைவரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை என்பதற்குப் புகழ்பெற்ற சான்று இலங்கையில் கிடைத்தது. 1970 முதல் 1985 வரை, தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய 480 ஆண் தொழிலாளர்களின் பற்களை ஹரால்டு லோவின் குழுவினர் ஆய்ந்தனர். தொடக்கத்தில் அவர்களின் வயது 14 முதல் 30 வரை இருந்தது. அவர்கள் பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாதவர்கள். அனைவருக்கும் பற்படலமும் காரையும் ஈறு அழற்சியும் மிகுந்திருந்தன. ஆயினும் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைவாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை. நுண்ணுயிரிகள் நோயைத் தொடங்கி வைத்தாலும், அதன் போக்கை உடலின் எதிர்வினையும் பெரிதும் முடிவு செய்கிறது என்பதை 1986இல் வெளியான இவ்வாய்வு உணர்த்தியது.

அறிகுறிகளும் நோயறிதலும்

பின்வருவன இருப்பின் பல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்:

* துலக்கும்போது தொடர்ந்து குருதி கசிதல்
* நிலைப்பற்கள் ஆடுதல், முன்பற்களுக்கு இடையே புதிதாக இடைவெளி தோன்றுதல்
* பாற்பற்கள் ஐந்து வயதுக்கு முன்பே, அடிபடாமல், தாமாக ஆடுதல் அல்லது விழுதல்
* ஈறு திடீரென வீங்கிப் பற்களை மூடுதல். இதனுடன் காய்ச்சல், சோர்வு, தோலில் கன்றிய தடங்கள் இருத்தல்

இறுதியாகக் கூறப்பட்டது குருதிப் புற்றுநோயின் சில வகைகளில் காணப்படுவதாகும். அவற்றில் முதிராத வெள்ளையணுக்கள் ஈற்றுக்குள் நிறைந்து அதனை வீங்கச் செய்கின்றன.

மருத்துவர் அளவுகோல் பொறித்த மெல்லிய கருவியால் ஈற்றுப் பையின் ஆழத்தை அளந்து, எக்ஸ் கதிர்ப் படத்தால் எலும்பின் அளவை அறிகிறார். பாற்பற்களைச் சுற்றிய எலும்பு அழிந்திருந்தால் வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கையையும் வகைவாரி எண்ணிக்கையையும் காணும் குருதிச் சோதனை தேவை. சுழற்சிக் குறைவு ஐயுறப்பட்டால், ஒரே சோதனை போதாது; வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை எனச் சில வாரங்கள் சோதிக்க வேண்டும். எண்ணிக்கை இயல்பாக இருப்பினும் செயல் குறைபாடு இருக்கக்கூடும்.

மருத்துவம்

பிற நோய் இல்லாத இளைஞர்களுக்கு, பற்களிலும் வேர்களிலும் படிந்துள்ள படலத்தையும் காரையையும் அகற்றுவதே முதன்மை மருத்துவமாகும். மேற்கூறிய பாக்டீரியா ஈற்றுத் திசுவுக்குள்ளும் புகுவதால், கடும் நிலையில் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் ஆகிய நுண்ணுயிர் எதிர்ப்பிகள் சேர்த்து வழங்கப்படுகின்றன. இவற்றை மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் கூடாது. தேவைப்படின் அறுவை மருத்துவம் செய்யப்படும். நோய் மீளாதிருக்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை தொடர் சோதனை இன்றியமையாதது. உடன்பிறந்தோரையும் சோதித்தல் நன்று.

புகைபிடித்தலும் கட்டுப்படாத நீரிழிவும் நியூட்ரோஃபில்களின் செயலைச் சீர்குலைப்பதால், இவற்றைத் தவிர்ப்பதும் கட்டுப்படுத்துவதும் மருத்துவத்தின் பகுதிகளாகும். பிறவிக் குறைபாடு உடைய குழந்தைகளுக்குப் பல் மருத்துவரும் குருதியியல் மருத்துவரும் இணைந்து மருத்துவம் அளிக்க வேண்டும். ஒட்டுதல் குறைபாட்டின் கடும் வகையை எலும்பு மச்சை மாற்று மருத்துவத்தால் குணப்படுத்த இயலும்.

நோய் தொடக்கத்திலேயே அறியப்பட்டால், பெரும்பாலான இளைஞர்களின் பற்களைக் காக்க முடியும். தவறாது பல் துலக்கியும் பற்கள் ஆடும் ஒரு சிறுவனைத் தூய்மையற்றவன் எனக் கடிந்துகொள்வதைவிட, அவனது ஈற்றையும் குருதியையும் சோதிப்பதே பயன் தரும்.

இவற்றையும் பார்க்க

* வெள்ளையணு
* ஈறு அழற்சி
* பல்
* எலும்பு மச்சை
* நோய் எதிர்ப்பாற்றல்